சோர்ஸிலிருந்து கம்பைல் செய்த புரோகிராம் தன் லைப்ரரியைச் சரியாகப் பிடிக்க: உபுண்டுவில் ஓபன்எஸ்எஸ்எல் 3.5-ஐ வைத்து ஒரு வழிகாட்டி

கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் மூன்றும் ஒரு பிழையும் காட்டாமல் முடிந்துவிடும். புரோகிராமை ஓட்டினால் 'எரர் வைல் லோடிங் ஷேர்டு லைப்ரரீஸ்' என்று ஒரு வரி வந்து நின்றுவிடும். இல்லையென்றால் அதைவிடக் குழப்புகிற இன்னொன்று வரும்: லைப்ரரி கிடைத்துவிட்டது, ஆனால் அதில் குறிப்பிட்ட 'வெர்ஷன் நாட் ஃபவுண்ட்' என்று. லைப்ரரிக் கோப்போ வட்டில் கண்ணெதிரே இருக்கும். இணையத்தில் தேடினால் பத்தில் எட்டுப் பேர் ஒரே வரியில் மருந்து சொல்வார்கள்: எல்டி_லைப்ரரி_பாத்தை ஏற்றுமதி செய், அல்லது எல்டிகான்ஃபிக்கை ஓட்டு. அந்த ஒரு வரி அன்றைக்கு வேலை செய்யும். பிறகு ஒரு நாள் சம்பந்தமே இல்லாத வேறு புரோகிராம் விழும்.

இந்த வழிகாட்டி ஒரே உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு போகிறது. உபுண்டு 24.04-இல் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியின் 3.0.13 பதிப்பு ஏற்கெனவே இருக்கிறது. உங்களுக்கு 3.5 வேண்டும், குவாண்டம் கணினிக்கும் தாங்கும் எம்எல்-கெம் போன்ற குறியாக்க முறைகள் அதில்தான் வந்தன. கணினியின் பழைய ஓபன்எஸ்எஸ்எல்லைத் தொடாமல் புதியதைப் பக்கத்தில் வைத்து, உங்கள் புரோகிராம் மட்டும் அதைப் பயன்படுத்த வேண்டும். இதைச் செய்யத் தெரிந்தால் மற்ற லைப்ரரிகள் எல்லாம் இதைவிட எளிது.

கட்டளைகளையும் பாதைகளையும் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து எங்கே வேண்டும் என்று அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறது. மற்றதெல்லாம் சிறிய எழுத்து.

1. தேடுவது இரண்டு பேர் என்பதை மனதில் வையுங்கள்

லைப்ரரியை இரண்டு கட்டத்தில் இரண்டு பேர் தேடுகிறார்கள். கம்பைல் செய்யும்போது தேடுபவர் லிங்கர். ஓடும்போது தேடுபவர் லோடர். இருவரும் பார்க்கும் பட்டியல்கள் வேறு வேறு. சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருகின்றன.

லிங்கருக்கு இடம் சொல்வது '-எல்' என்ற கொடி. பெரிய எழுத்து எல் கோப்பகத்தைக் குறிக்கும், சிறிய எழுத்து எல் லைப்ரரியின் பெயரைக் குறிக்கும். பெரிய எல்லில் நீங்கள் கொடுத்த கோப்பகம் லிங்க் முடிந்ததும் மறந்துபோகும். உருவான புரோகிராமுக்குள் அது பதிவாவதில்லை. பதிவாவது லைப்ரரியின் எஸ்ஓநேம் மட்டும்தான், அதாவது 'லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3' போன்ற வெறும் பெயர். எந்தக் கோப்பகம் என்ற தகவல் அதில் இருக்காது.

புரோகிராம் கிளம்பும்போது லோடர் அந்தப் பெயரை இந்த வரிசையில் தேடும்:

முதலில் புரோகிராமுக்குள் பதிந்த ஆர்பாத், அதாவது லைப்ரரியைத் தேட வேண்டிய கோப்பகங்களின் பட்டியல். அதன் புதிய வடிவமான ரன்பாத்தும் கூடவே பதிந்திருந்தால் ஆர்பாத்தைக் கண்டுகொள்ளாது.
அடுத்து எல்டி_லைப்ரரி_பாத் (பெரிய எழுத்து) என்ற சூழல் மாறி.
அடுத்து புரோகிராமுக்குள் பதிந்த ரன்பாத்.
அடுத்து /இடிசி/எல்டி.எஸ்ஓ.கேஷ் என்ற கோப்பு. எல்டிகான்ஃபிக் உருவாக்குவது இதைத்தான்.
கடைசியாக /லிப், /யுஎஸ்ஆர்/லிப் முதலிய நிலையான இடங்கள்.

முதலில் எங்கே அந்தப் பெயர் கிடைக்கிறதோ அங்கேயே தேடல் நின்றுவிடும். கிடைத்தது பழையதா புதியதா என்று லோடர் ஒப்பிட்டுப் பார்க்காது.

2. எங்கே வைப்பது என்பதை கான்ஃபிகருக்கு முன்பே முடிவு செய்யுங்கள்

பிறகு மாற்றலாம் என்று விடாதீர்கள். கொடுத்த இடம் பைனரிக்குள்ளும், லைப்ரரி எங்கே என்று மற்ற பில்டுகளுக்குச் சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் கோப்புகளுக்குள்ளும் எழுதப்பட்டுவிடும். கோப்பகத்தை அப்படியே வேறிடத்துக்கு நகர்த்தினால் பாதி வேலை செய்யும், பாதி செய்யாது.

/யுஎஸ்ஆர் நேரடியாக: கூடாது. அது உபுண்டுவின் பேக்கேஜ் நிறுவியான ஏபிடியின் ராஜ்யம். அடுத்த அப்டேட்டில் உங்கள் கோப்புகளின் மேல் எழுதிவிடும்; அதற்குள் நீங்கள் அதன் கோப்புகளின் மேல் எழுதியிருப்பீர்கள்.

/யுஎஸ்ஆர்/லோக்கல்: கணினியில் வேறு எந்தப் பதிப்பும் இல்லாத லைப்ரரிக்கு இது சரியான இடம். உபுண்டுவிலும் டெபியனிலும் லோடரின் பட்டியலில் /யுஎஸ்ஆர்/லோக்கல்/லிப் ஏற்கெனவே இருக்கிறது.

/ஆப்ட் (ஓ-பி-டி) அடியில் தனிக் கோப்பகம்: அதே எஸ்ஓநேமுடன் கணினியில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் இது ஒன்றுதான் வழி. நம் உதாரணம் இந்த வகை. ஓபன்எஸ்எஸ்எல் 3.0.13-க்கும் 3.5-க்கும் எஸ்ஓநேம் ஒன்றேதான்: லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3, லிப்கிரிப்டோ.எஸ்ஓ.3.

ரூட் அனுமதி இல்லாத இயந்திரம் என்றால் உங்கள் ஹோம் கோப்பகத்துக்குள் வைக்கலாம். கீழே வரும் படிகளில் /ஆப்ட் வரும் இடத்தில் ஹோம் பாதையைப் போடுங்கள், சூடோவை விடுங்கள்.

ஓபன்எஸ்எஸ்எல் 3.5-ஐ எந்த விருப்பமும் கொடுக்காமல் உபுண்டுவில் நிறுவினால் என்ன ஆகும் என்று பார்த்தால் இந்த முடிவின் அவசியம் விளங்கும். புரோகிராம் /யுஎஸ்ஆர்/லோக்கல்/பின் போகும். லைப்ரரிகள் 64 பிட் இன்டெல், ஏஎம்டி இயந்திரத்தில் /யுஎஸ்ஆர்/லோக்கல்/லிப்64 போகும். உபுண்டுவின் லோடர் பட்டியலில் லிப் உண்டு, லிப்64 இல்லை. ஆகவே புதிய புரோகிராம் புதிய லைப்ரரியைக் காணாமல், அதே பெயரில் இருக்கும் 3.0.13-ஐ எடுத்துக்கொள்ளும். பழையதில் புதிய சிம்பல்கள் (லைப்ரரி தரும் செயல்பாடுகளின் பெயர்கள்) இல்லை. 'வெர்ஷன் ஓபன்எஸ்எஸ்எல்_3.2.0 நாட் ஃபவுண்ட்' என்ற வகைப் பிழையின் மூலம் இதுதான். 'லைப்ரரியே இல்லை' என்று சொல்லியிருந்தால்கூட சீக்கிரம் புரிந்திருக்கும்.

3. கையில் இருக்க வேண்டியவை, ஆகும் நேரம்

உபுண்டுவில் பில்டு-எசென்ஷியல், பெர்ல் என்ற இரண்டு பேக்கேஜ் போதும். கம்பைல் ஆன கோப்பின் ஆர்பாத்தை மாற்றும் பேட்ச்எல்ஃப்பையும் நிறுவி வையுங்கள், பின்னால் உதவும். ஃபெடோரா வகை என்றால் ஜிசிசி, மேக், பெர்லுடன் 'பெர்ல்-ஐபிசி-சிஎம்டி' (ஐபிசி முழுதும், சிஎம்டியில் சி பெரிய எழுத்து), 'பெர்ல்-ஃபைண்ட்பின்' (எஃப், பி பெரிய எழுத்து) இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும். அவை இல்லாவிட்டால் கான்ஃபிகர் முதல் விநாடியிலேயே 'காண்ட் லொக்கேட்' என்று நின்றுவிடும்.

ஓபன்எஸ்எஸ்எல்லின் அதிகாரப்பூர்வ வெளியீட்டுத் தார்பால் (சோர்ஸ் கோப்புகளின் மூட்டை), அதன் கையொப்பக் கோப்பு இரண்டையும் இறக்குங்கள். குறியாக்க லைப்ரரியைக் கையொப்பம் பார்க்காமல் கம்பைல் செய்வதில் அர்த்தமே இல்லை.

பணச் செலவு கிடையாது. வட்டில் ஒரு ஜிபி காலியாக இருந்தால் நெருக்கடி இல்லை. நான்கு கோர் இயந்திரத்தில் மேக் சில நிமிடங்களில் முடியும், டெஸ்ட் அதற்கு மேல் இழுக்கும். ஒரே கோர் உள்ள மலிவு வாடகை சர்வர் என்றால் ஒரு மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள். சர்வரில் எஸ்எஸ்எச் வழியாகச் செய்பவர்கள் இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காமல் இருக்க, ஸ்கிரீன் அல்லது டிமக்ஸுக்குள் ஓட்டுவது நல்லது. இன்னொரு ஜன்னலில் ரூட் ஷெல் ஒன்றைத் திறந்து அப்படியே விட்டுவையுங்கள். காரணம் எட்டாவது படியில்.

ஒரு ஆவணமும் வேண்டும்: நீங்கள் கொடுத்த கான்ஃபிகர் வரியை அப்படியே ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதி, நிறுவிய கோப்பகத்துக்குள்ளேயே போட்டு வையுங்கள். ஆறு மாதம் கழித்துப் பாதுகாப்புத் திருத்தம் வரும்போது அதே வரி அதே இடைவெளிகளோடு தேவைப்படும்.

4. கான்ஃபிகர்: நான்கு விருப்பங்கள், ஒரு மேற்கோள் குறி

தார்பாலைப் பிரித்து அந்தக் கோப்பகத்துக்குள் போய், ஒரே வரியாக:

./கான்ஃபிகர் --ப்ரிஃபிக்ஸ்=/ஆப்ட்/ஓபன்எஸ்எஸ்எல்-3.5 --லிப்டிர்=லிப் --ஓபன்எஸ்எஸ்எல்டிர்=/ஆப்ட்/ஓபன்எஸ்எஸ்எல்-3.5/எஸ்எஸ்எல் '-டபிள்யூஎல்,-ஆர்பாத்,$(லிப்ஆர்பாத்)'

கான்ஃபிகரின் முதல் எழுத்து பெரியது. டபிள்யூஎல்லில் டபிள்யூ பெரியது, எல் சிறியது. கமாக்களுக்குப் பின் இடைவெளி கூடாது. லிப்ஆர்பாத் முழுதும் பெரிய எழுத்து.

லிப்டிர்=லிப் என்பது லிப்64 தொல்லையை முளையிலேயே கிள்ளுகிறது. இது வெறும் அழகுக்காக அல்ல. பைத்தானின் கான்ஃபிகர் ஓபன்எஸ்எஸ்எல்லைத் தேடும்போது நீங்கள் கொடுத்த இடத்தின் அடியில் லிப் கோப்பகத்தை மட்டுமே பார்க்கும். லிப்64-இல் வைத்தால் 'ஓபன்எஸ்எஸ்எல் இல்லை' என்று சாதிக்கும்.

கடைசி விருப்பம்தான் இந்த வழிகாட்டியின் உயிர். லைப்ரரி இருக்கும் இடத்தை பைனரிக்குள்ளேயே பதியச் சொல்கிறது. $(லிப்ஆர்பாத்) என்பது ஓபன்எஸ்எஸ்எல்லின் மேக்ஃபைலில் உள்ள மாறி. நிறுவும் இடத்தை அதுவே நிரப்பிக்கொள்ளும். அதைச் சுற்றி ஒற்றை மேற்கோள் குறி கட்டாயம். இரட்டை மேற்கோளில் போட்டால் ஷெல் அதை ஒரு கட்டளை என்று நினைத்து ஓட்டப் பார்க்கும், 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று முணுமுணுக்கும், வெற்றிடத்தை வைத்துவிட்டு கான்ஃபிகர் தொடர்ந்து ஓடி வெற்றி என்று முடியும். அந்த ஒரு வரி முணுமுணுப்பு மற்ற வரிகளுக்குள் புதைந்துபோவதுதான் ஆபத்து.

முடிந்ததும் 'பெர்ல் கான்ஃபிக்டேட்டா.பிஎம் --டம்ப்' ஓட்டினால் என்னென்ன பதிவாயிருக்கிறது என்று காட்டும். அதில் ஆர்பாத் வரியைக் கண்ணால் பாருங்கள். இங்கே ஒரு நிமிடம் செலவழித்தால் பின்னால் ஒரு முழு கம்பைல் மிச்சம்.

5. மேக், டெஸ்ட், இன்ஸ்டால்

மேக் -ஜே4
மேக் டெஸ்ட்
சூடோ மேக் இன்ஸ்டால்_எஸ்டபிள்யூ இன்ஸ்டால்_எஸ்எஸ்எல்டிர்ஸ்

நான்கு என்பது கோர்களின் எண்ணிக்கை. வெறும் 'இன்ஸ்டால்' கொடுத்தால் நூற்றுக்கணக்கான உதவிப் பக்கங்களையும் உருவாக்கி நிறுவும். நேரம் எடுக்கும், சர்வரில் யாரும் படிக்கப் போவதில்லை.

எந்தக் கோப்பு எங்கே போகும் என்று முன்கூட்டியே பார்க்க வேண்டுமா? சூடோ இல்லாமல் 'மேக் டெஸ்ட்டிர்=/டிஎம்பி/ஒத்திகை இன்ஸ்டால்_எஸ்டபிள்யூ' என்று ஓட்டுங்கள். டெஸ்ட்டிர் முழுதும் பெரிய எழுத்து, டிஇஎஸ்டிடிஐஆர். ஒத்திகைக்குப் பதில் எந்தப் பெயரும் வைக்கலாம். அந்தத் தற்காலிகக் கோப்பகத்துக்குள் முழு மரமும் விரியும். உள்ளே பதிந்த ஆர்பாத் இதனால் மாறாது.

ஒரு பொறி. புதிய ஓபன்எஸ்எஸ்எல்லின் சான்றிதழ்க் கோப்பகம் காலியாகத்தான் பிறக்கும். லைப்ரரி எல்லாம் சரியாகப் பிடித்த பிறகும், எந்த எச்டிடிபிஎஸ் தளத்தோடு பேசினாலும் 'அனேபிள் டு கெட் லோக்கல் இஷ்யூவர் சர்ட்டிஃபிகேட்' என்று வந்தால் காரணம் இதுதான். உபுண்டுவில் தீர்வு இரண்டு வரி:

சூடோ ஆர்எம்டிர் /ஆப்ட்/ஓபன்எஸ்எஸ்எல்-3.5/எஸ்எஸ்எல்/சர்ட்ஸ்
சூடோ எல்என் -எஸ் /இடிசி/எஸ்எஸ்எல்/சர்ட்ஸ் /ஆப்ட்/ஓபன்எஸ்எஸ்எல்-3.5/எஸ்எஸ்எல்/சர்ட்ஸ்

இதற்குப் பிறகு கணினியின் சான்றிதழ்கள் புதுப்பிக்கப்படும்போது உங்கள் ஓபன்எஸ்எஸ்எல்லுக்கும் அது தானாகக் கிடைக்கும்.

6. சரியான கோப்புதான் ஏறுகிறதா?

'ஓடுகிறது' என்பது போதாது. தவறான லைப்ரரியோடும் சத்தமில்லாமல் ஓடலாம்.

முதல் சோதனை:

/ஆப்ட்/ஓபன்எஸ்எஸ்எல்-3.5/பின்/ஓபன்எஸ்எஸ்எல் வெர்ஷன்

விடையில் இரண்டு பதிப்பு எண்கள் வரும். முதலாவது புரோகிராம் கம்பைல் ஆனபோது இருந்தது. அடைப்புக்குள் 'லைப்ரரி' என்ற சொல்லுக்குப் பின் வருவது இப்போது உண்மையில் ஏறியிருப்பது. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். 3.0.13-க்கும் அதே 3.0 வரிசையின் இன்னொரு திருத்தத்துக்கும் இடையே கலப்பு நடந்தால் பிழையே வராது. இந்த வரி மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவது, எல்டிடி. புரோகிராமின் முழுப் பாதையைக் கொடுத்து ஓட்டுங்கள். லிப்எஸ்எஸ்எல், லிப்கிரிப்டோ இரண்டு வரிகளிலும் அம்புக்குறிக்கு வலப்பக்கம் /ஆப்ட் பாதை இருக்க வேண்டும். ஒன்று /ஆப்ட், மற்றது /லிப் என்றால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. நம்பிக்கையில்லாத இடத்திலிருந்து வந்த பைனரி மேல் எல்டிடியை ஓட்டாதீர்கள். சில சூழல்களில் அது அந்தப் பைனரியையே இயக்கிவிடும். அதற்கு ரீட்எல்ஃப் இருக்கிறது.

மூன்றாவது, 'ரீட்எல்ஃப் -டி' (சிறிய டி). பைனரிக்குள் என்ன பதிவாயிருக்கிறது என்று ஓட்டாமலே காட்டும். நீடட் வரிகளையும், ஆர்பாத் அல்லது ரன்பாத் வரியையும் பாருங்கள். இதை லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3 மேலும் தனியாக ஓட்டுங்கள். ஏன் என்பது அடுத்த படியில்.

இவை எதிலும் பிடிபடவில்லை என்றால் புரோகிராமுக்கு முன்னால் 'எல்டி_டீபக்=லிப்ஸ்' என்று ஒட்டி ஓட்டுங்கள். எல்டி_டீபக் பெரிய எழுத்து, லிப்ஸ் சிறியது. லோடர் எந்தெந்தக் கோப்பகத்தில் ஏறி இறங்கியது என்று வரி வரியாகக் கொட்டும். பட்டியல் நீளமாக இருக்கும், ஆனால் பொய் சொல்லாது.

வெறுமனே 'ஓபன்எஸ்எஸ்எல்' என்று தட்டினால் எது ஓடுகிறது என்பதிலும் கவனம் தேவை. பேஷ் ஷெல் ஒரு கட்டளையின் பழைய இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். பாத் மாறியை மாற்றிய பிறகும் பழையதே ஓடினால் 'ஹாஷ் -ஆர்' என்று ஒருமுறை தட்டுங்கள்.

7. உங்கள் புரோகிராமைப் புதிய லைப்ரரியோடு கட்டுதல்

மூன்று தகவல்களை நீங்கள் கொடுக்க வேண்டும்: ஹெடர்கள் எங்கே, லிங்கர் எங்கே பார்க்க வேண்டும், ஓடும்போது லோடர் எங்கே பார்க்க வேண்டும். முதல் இரண்டையும் பிகேஜி-கான்ஃபிக் பார்த்துக்கொள்ளும். பிகேஜி_கான்ஃபிக்_பாத் என்ற மாறியில் (பெரிய எழுத்து) /ஆப்ட்/ஓபன்எஸ்எஸ்எல்-3.5/லிப்/பிகேஜிகான்ஃபிக் என்று கொடுத்துவிட்டு 'பிகேஜி-கான்ஃபிக் --மாட்வெர்ஷன் ஓபன்எஸ்எஸ்எல்' கேளுங்கள். 3.0.13 என்று வந்தால் பாதை தவறு, மேலே போகாதீர்கள். புதிய லைப்ரரியோடு பழைய ஹெடர் கலந்தால் கம்பைல் ஆகும், பிறகு எங்கே இடிக்கும் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது தகவலை பிகேஜி-கான்ஃபிக் தராது. அதை எல்டிஃபிளாக்ஸ் மாறியில் (பெரிய எழுத்து) நீங்களே சேர்க்க வேண்டும்:

எல்டிஃபிளாக்ஸ்='-டபிள்யூஎல்,-ஆர்பாத்,/ஆப்ட்/ஓபன்எஸ்எஸ்எல்-3.5/லிப்'

இப்போது ரன்பாத்தின் குணத்தைச் சொல்ல வேண்டும். உபுண்டுவின் லிங்கர் 'ஆர்பாத்' கேட்டாலும் உள்ளே ரன்பாத்தைத்தான் பதியும். ரன்பாத் யாருக்குள் பதிந்திருக்கிறதோ அவருடைய நேரடித் தேவைகளுக்கு மட்டுமே செல்லும். உங்கள் புரோகிராம் லிப்எஸ்எஸ்எல்லைக் கேட்கிறது. லிப்எஸ்எஸ்எல் தன் பங்குக்கு லிப்கிரிப்டோவைக் கேட்கிறது. புரோகிராமின் ரன்பாத் முதல் கேள்விக்கு உதவும். இரண்டாவதற்கு லிப்எஸ்எஸ்எல்லுக்குள்ளேயே ஒரு ரன்பாத் வேண்டும், இல்லாவிட்டால் கணினியின் பழைய லிப்கிரிப்டோ வந்து உட்காரும். நான்காவது படியில் கொடுத்த விருப்பம் இந்த ஓட்டையையும் அடைக்கிறது. ஆர்பாத்தையே பதிய வேண்டிய அபூர்வ சந்தர்ப்பத்தில் '-டபிள்யூஎல்,--டிசேபிள்-நியூ-டிடேக்ஸ்' சேர்க்கலாம். ஆனால் ஆர்பாத் எல்டி_லைப்ரரி_பாத்தையும் முந்திவிடும், பிறகு சோதனைக்குக்கூட வேறு லைப்ரரியை நுழைக்க முடியாது. அதனால் எனக்கு ரன்பாத்தே பிடிக்கும்.

பைத்தான் 3.10 முதல் ஓபன்எஸ்எஸ்எல்லுக்கென்றே இரண்டு விருப்பங்கள் இருக்கின்றன:

./கான்ஃபிகர் --ப்ரிஃபிக்ஸ்=/ஆப்ட்/பைத்தான்-3.13 --வித்-ஓபன்எஸ்எஸ்எல்=/ஆப்ட்/ஓபன்எஸ்எஸ்எல்-3.5 --வித்-ஓபன்எஸ்எஸ்எல்-ஆர்பாத்=ஆட்டோ

இங்கே கான்ஃபிகரின் முதல் எழுத்து சிறியது. '--எனேபிள்-ஷேர்டு' சேர்த்தால் லிப்பைத்தானும் தனி லைப்ரரியாகும், அதற்கு /ஆப்ட்/பைத்தான்-3.13/லிப் என்று இன்னொரு ஆர்பாத்தை எல்டிஃபிளாக்ஸில் கொடுக்க வேண்டும். மறந்தால் பைத்தானே கிளம்பாது. நிறுவிய பின் அந்த பைத்தானில் எஸ்எஸ்எல் மாட்யூலை இம்போர்ட் செய்து ஓபன்எஸ்எஸ்எல்_வெர்ஷன் (பெரிய எழுத்து) மதிப்பை அச்சிடுங்கள்.

பைத்தானில் இன்னொரு நுணுக்கம். ஒரே பிராசஸுக்குள் ஒரு எஸ்ஓநேம் ஏற்கெனவே ஏறிவிட்டால், அதே பெயரை அடுத்து யார் கேட்டாலும் ஏறியதையே லோடர் கொடுத்துவிடும். கணினியின் லிப்பிக்யூவோடு (போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு பேசும் லைப்ரரி) கட்டிய போஸ்ட்கிரெஸ் மாட்யூலை முதலில் இம்போர்ட் செய்தால் அது 3.0.13-ஐ ஏற்றிவிடும், பிறகு வரும் எஸ்எஸ்எல் மாட்யூல் தன் ரன்பாத் என்ன சொன்னாலும் அதையே பெறும். இம்போர்ட் வரிசையை மாற்றினால் நடத்தையும் மாறுகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

சிமேக் பயன்படுத்தும் திட்டங்களில் வேறு ஒரு வேடிக்கை: பில்டு கோப்பகத்தில் அருமையாக ஓடும், இன்ஸ்டால் செய்ததும் லைப்ரரி இல்லை என்னும். சிமேக் பில்டின்போது தானே ஆர்பாத்தைப் போட்டுக்கொண்டு, இன்ஸ்டாலில் அதை அழித்துவிடுகிறது. சிமேக்_இன்ஸ்டால்_ஆர்பாத்_யூஸ்_லிங்க்_பாத் என்பதை ஆன் ஆக்குங்கள், ஓபன்எஸ்எஸ்எல்_ரூட்_டிர் மாறியில் /ஆப்ட் பாதையைக் கொடுங்கள். எல்லாம் பெரிய எழுத்து.

8. எல்டிகான்ஃபிக்: எப்போது சரி, எப்போது வம்பு

கணினியில் வேறு பதிப்பே இல்லாத லைப்ரரியை /யுஎஸ்ஆர்/லோக்கல்/லிப்பில் போட்டால், நிறுவியதும் 'சூடோ எல்டிகான்ஃபிக்' ஒருமுறை ஓட்டினால் போதும். கேஷ் புதுப்பிக்கப்படும், எஸ்ஓநேம் சிம்லிங்க்குகளும் உருவாகும். ஃபெடோரா, ரெட்ஹேட் வகைகளில் /யுஎஸ்ஆர்/லோக்கல்/லிப் லோடர் பட்டியலில் இருக்காது; /இடிசி/எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி கோப்பகத்துக்குள் '.கான்ஃப்' என்று முடியும் ஒரு கோப்பை உருவாக்கி, அந்தப் பாதையை ஒரே வரியாக எழுதிவிட்டு ஓட்டுங்கள். டெபியனில் 'சூ' மட்டும் கொடுத்து ரூட் ஆனால் எல்டிகான்ஃபிக் கிடைக்கவில்லை என்று வரலாம், எஸ்பின் கோப்பகம் பாத்தில் இல்லாததால். 'சூ -' என்று கோடு சேர்த்துக் கொடுங்கள்.

நம் ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு இதைச் செய்யவே கூடாது. இணையத்தில் பல குறிப்புகள் 'ஓபன்எஸ்எஸ்எல்.கான்ஃப்' என்று ஒரு கோப்பை அங்கே போடச் சொல்கின்றன. அந்தக் கோப்புகள் அகர வரிசையில் படிக்கப்படும். உபுண்டுவின் சொந்த லைப்ரரி இடங்களைச் சொல்லும் கோப்பு எக்ஸ் என்ற எழுத்தில் தொடங்குகிறது. ஓ அதற்கு முன்னால் வருவதால் உங்கள் லைப்ரரி முந்திக்கொள்ளும். எஸ்எஸ்எச் சர்வர் உட்பட லிப்கிரிப்டோ கேட்கும் எல்லாப் புரோகிராமும் அடுத்த முறை கிளம்பும்போது உங்கள் கம்பைலைத்தான் எடுக்கும். நீங்கள் ஏதோ ஒரு வசதியை நிறுத்திவிட்டுக் கட்டியிருந்தால், எஸ்எஸ்எச் வழியாக மறுபடி உள்ளே வர முடியாமல் போகலாம்.

ஏற்கெனவே செய்துவிட்டீர்களா? திறந்து வைத்த ரூட் ஷெல்லை மூடாதீர்கள். அந்தக் கான்ஃப் கோப்பை அழித்து, எல்டிகான்ஃபிக்கை ஓட்டி, 'எல்டிகான்ஃபிக் -பி' தரும் பட்டியலில் லிப்கிரிப்டோ எங்கே காட்டுகிறது என்று பாருங்கள். /ஆப்ட் மறைந்த பிறகே சேவைகளை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கூடவே ஒன்று: லைப்ரரிக் கோப்பகத்துக்குள் பழைய கோப்பை '.பேக்' என்று பெயர் மாற்றி வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பெயர் லிப் என்று தொடங்கி நடுவே .எஸ்ஓ இருந்தால் எல்டிகான்ஃபிக் அதையும் லைப்ரரியாகவே எடுத்துக்கொள்ளும், எஸ்ஓநேம் சிம்லிங்க்கை அந்தப் பழைய கோப்புக்கே திருப்பிவிடவும் செய்யும். பேக்கப் வேண்டுமென்றால் வேறு கோப்பகத்துக்கு நகர்த்துங்கள்.

9. எல்டி_லைப்ரரி_பாத்: கட்டளை வரியோடு நிறுத்துங்கள்

புரோகிராமின் முன்னால் ஒட்டி ஒரே ஒரு ஓட்டத்துக்குப் பயன்படுத்தினால் அருமையான சோதனைக் கருவி. ஷெல் திறக்கும்போது படிக்கும் பேஷ்ஆர்சி கோப்புக்குள் எழுதி வைத்தால், அந்த ஷெல்லிலிருந்து கிளம்பும் எல்லாவற்றையும் பாதிக்கும். கிட், கர்ல், எடிட்டர் எதுவும் தப்பாது.

'புதிய பாதை, முக்காற்புள்ளி, பழைய மதிப்பு' என்று எழுதும் வழக்கத்திலும் ஓட்டை இருக்கிறது. பழைய மதிப்பு காலியாக இருந்தால் முக்காற்புள்ளிக்குப் பின் வெற்றிடம் நிற்கும். லோடருக்கு அந்த வெற்றிடம் 'இப்போது நிற்கும் கோப்பகம்' என்று பொருள். யாரோ அனுப்பிய ஜிப்பைப் பிரித்த கோப்பகத்தில் நின்று ஒரு கட்டளை ஓட்டினால், அதற்குள் கிடக்கும் லைப்ரரி ஏறலாம்.

சூடோ வழியாகப் போனால் இந்த மாறி கழற்றப்படும். செட்யூஐடி (ஓட்டுபவரின் அல்லாமல் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடும்) புரோகிராம்களில் லோடரே அதைப் புறக்கணிக்கும். சிஸ்டம்டி சேவைகள் உங்கள் பேஷ்ஆர்சியைப் படிப்பதில்லை. 'டெர்மினலில் ஓடுகிறது, சர்வீஸாக ஓடவில்லை' என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். ரன்பாத் சரியாக இருந்தால் இந்த மூன்று இடத்திலும் தொல்லை இல்லை.

10. ஆர்பாத் கொடுக்க மறந்து கம்பைல் முடிந்துவிட்டால்

மறுபடி கட்டுவதே சுத்தம். அதற்கு நேரமில்லை என்றால்:

சூடோ பேட்ச்எல்ஃப் --செட்-ஆர்பாத் /ஆப்ட்/ஓபன்எஸ்எஸ்எல்-3.5/லிப் கோப்பின்_பாதை

புரோகிராமுக்கு மட்டுமல்ல, லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3-க்கும் செய்யுங்கள். பிறகு ஆறாவது படியின் சோதனைகளைத் திரும்ப ஓட்டுங்கள்.

முழுக் கோப்பகத்தையும் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டிய தேவை இருந்தால் பாதைக்குப் பதில் '$ஆரிஜின்/../லிப்' என்று கொடுக்கலாம். ஆரிஜின் பெரிய எழுத்து, சுற்றிலும் ஒற்றை மேற்கோள். பைனரி இருக்கும் கோப்பகத்திலிருந்து லோடர் கணக்கிட்டுக்கொள்ளும். மேக்ஃபைலுக்குள் எழுதும்போது டாலர் குறியை இரண்டு முறை போட வேண்டும்.

11. அப்டேட் இனி உங்கள் பொறுப்பு

ஏபிடி இந்த ஓபன்எஸ்எஸ்எல்லைத் தொடாது, பாதுகாப்புத் திருத்தமும் தராது. 3.5 நீண்டகால ஆதரவுப் பதிப்பு. 2025 ஏப்ரலில் வந்தது, 2030 ஏப்ரல் வரை திருத்தங்கள் உண்டு. ஓபன்எஸ்எஸ்எல்லின் அறிவிப்பு மடலில் சேர்ந்துகொள்ளுங்கள். கோப்பகத்தின் பெயரில் 3.5 என்று மட்டும் வைத்து மூன்றாவது எண்ணை விட்டதற்குக் காரணம் இதுதான்: 3.5 வரிசையின் அடுத்த திருத்தத்தை அதே கான்ஃபிகர் வரியோடு அதே இடத்தில் நிறுவினால், அதைச் சார்ந்த பைத்தானையோ மற்றதையோ மறுபடி கம்பைல் செய்யத் தேவையில்லை.

லைப்ரரியைக் கையால் மாற்றுவதாக இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் கோப்பின் மேல் 'சிபி' செய்யாதீர்கள். அது அதே கோப்பின் உள்ளடக்கத்தை அடியிலிருந்து உருவிவிடும், பயன்படுத்திக்கொண்டிருக்கும் சேவைகள் அந்த இடத்திலேயே விழும். அதே கோப்பகத்தில் வேறு பெயரில் வைத்துவிட்டு 'எம்வி' செய்யுங்கள். ஓடுபவை பழையதைப் பிடித்துக்கொண்டே இருக்கும், புதிதாகக் கிளம்புபவை புதியதை எடுக்கும்.

அதனாலேயே நிறுவிய பின் ரீஸ்டார்ட் அவசியம். யார் இன்னும் பழையதைப் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்க:

சூடோ கிரெப் -எல் 'லிப்எஸ்எஸ்எல்.*டிலீட்டட்' /பிராக்/[0-9]*/மேப்ஸ்

எல் சிறிய எழுத்து. வரும் ஒவ்வொரு வரியிலும் உள்ள எண் ஒரு பிராசஸ் எண். அந்தச் சேவையை ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள், ஒன்றும் வராத வரை.